பௌர்ணமியன்று வந்த அமாவாசைக் குரல்

ஆவணிப் பௌர்ணமி அன்று மாலை, மெல்போர்ன் நகரில் என் மகள் வீட்டுப் பின்புறத் தோட்டத்தில் நின்றுகொண்டு, என் குடும்பத்தார் அத்தனை பேரும் சேர்ந்து என்னை ஏமாற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை அறிந்துகொண்டேன். மனைவி, மகள், மாப்பிள்ளை, அண்ணி, அண்ணன் மகன். ஒருவர் பாக்கி இல்லை. அன்று எனக்கு இருந்த மனநிலையில் அங்காளம்மனையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டேன். அவளை அதிலிருந்து எப்படி விடுவித்தேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களை இன்னும் விடுவிக்கவில்லை.

அம்மனை நம்பி மேல்மலையனூர் வந்து போகும் அன்பர்களுக்கு என்னை அறிமுகம் செய்துகொள்கிறேன். என் பெயர் தணிகாசலம். செஞ்சி தாலுகா அலுவலகத்தில் துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் உதவி என்று எதற்காவது அலைகிறவர்கள், அலுவலகத்துக்குப் போகும் முன் என் வீட்டுக்கு வந்து வழி கேட்டுக்கொண்டு போவார்கள். எந்தக் காரியத்துக்கும் ஒரு வரிசை உண்டு, அந்த வரிசைப்படி போனால் நடக்கும் என்பது என் கொள்கை. சாமிக்கும் அப்படித்தான் செய்துவந்தேன். அமாவாசை தவறாமல் மேல்மலையனூர். எலுமிச்சம்பழம், குங்குமம், விளக்கு, ஊஞ்சல் தரிசனம். எதிலும் குறை வைத்ததில்லை.

என் அண்ணன் ஏழுமலை வேறு வகை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஏர் பிடித்தவர். கோட்டைக்கு மேற்கே இருக்கும் எங்கள் நிலத்தில் நெல்லும் மணிலாக் கடலையும் போடுகிறார். செஞ்சியில் அவர் வீடும் என் வீடும் ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்டு நிற்கின்றன. மலையனூர் பஸ்கள் எல்லாம் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகும். அமாவாசைக்கு நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினால் அவர் வாசலிலேயே நின்று பஸ் போகும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார்.

"நீயும் வாண்ணே" என்றால், "இங்கேர்ந்து கும்பிட்டா அவளுக்குத் தெரியாதாடா? உன்ன மாதிரி மனு எழுதிக்கினு போனாதான் கேப்பாளா?" என்பார்.

அண்ணனுக்கு எழுத்து வேலை ஆகாது. ஆனால் சென்னையில் வேலை பார்க்கும் அவர் மகன் குமரவேல், வாட்ஸ்அப்பில் குரலைப் பதிந்து அனுப்பக் கற்றுக்கொடுத்திருந்தான். அதிலிருந்து தினமும் காலையில் மகனுக்கு ஒரு குரல் போகும். என் மகள் கவிதாவின் பிரசவத்துக்காக நானும் என் மனைவி சரோஜாவும் ஆனி மாதக் கடைசியில் ஆஸ்திரேலியா போனதும், எனக்கும் ஒன்று வரத் தொடங்கியது. நம்மூரில் வெயில் ஏறும்போது அங்கே நடுப்பகல். நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருப்பேன். போன் கூப்பிடும்.

"தணிகா, மோட்டர் போட்டுட்டேன். கரண்டு இப்பத்தான் வந்துது. உன் வூட்டையும் போய்ப் பாத்துட்டு வந்தேன். பூட்டு அப்படியே தொங்கினு இருக்குது. உன் பொண்டாட்டி வெச்ச ரோசாச் செடி மட்டும் உன்ன மாதிரியே மூஞ்சத் தூக்கி வெச்சினு இருக்குது. தண்ணி ஊத்திட்டேன். வெச்சிர்றேன்."

இவ்வளவுதான். இதில் செய்தி என்று எதுவும் இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்த நாட்டில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. மனைவிக்கு நான் "இன்னாங்க". மகளுக்கு அப்பா. மாப்பிள்ளைக்கு மாமா. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் என் பெயரை உச்சரிக்க முயன்று, பாதியிலேயே களைத்துப்போய், கையை மட்டும் ஆட்டுவார். தினமும் ஒருமுறை "தணிகா" என்று காதில் விழுந்தால்தான் நான் இன்னும் நான்தான் என்று எனக்கே உறுதியாகும்.

ஆடி அமாவாசை கழிந்த பிறகு ஏதோ மாறியது. குரல் தினமும் வந்தது. ஆனால் அதில் "தணிகா" இல்லை. நேராக மோட்டாரில் தொடங்கியது. மழை வருமா வராதா என்றது. வைத்துவிட்டது. குரலும் ஏதோ தகரக் குடத்துக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. கோபமாக இருக்கிறாரோ என்று நினைத்தேன். நான் கூப்பிட்டால் குமரவேல்தான் எடுத்தான். லீவில் வந்திருப்பதாகச் சொன்னான்.

"நைனா கழனிக்குப் போயிருக்குது சித்தப்பா."

மாலையில் கூப்பிட்டால், "இப்பத்தான் சாப்ட்டுட்டுப் படுத்துது சித்தப்பா."

முகத்தைப் பார்க்க வேண்டும் என்றால் போனில் கேமரா வேலை செய்யவில்லை என்றான். நான் விடுவேனா? எந்த இடத்தை அழுத்த வேண்டும், எதை அழிக்க வேண்டும், எப்போது அணைத்துப் போட வேண்டும் என்று ஒரு பிற்பகல் முழுவதும் அவனுக்குப் படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தேன். "சரி சித்தப்பா, பண்ணிட்டேன் சித்தப்பா, இன்னும் வரல சித்தப்பா" என்று பணிவாகக் கேட்டுக்கொண்டான். அவனுக்குப் பின்னால் யாரோ சக்கரம் வைத்த எதையோ தள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. என்னடா என்று கேட்டதற்கு, தெருவில் தள்ளுவண்டி என்றான். அவன் நின்றது பாண்டிச்சேரியில் ஒரு மருத்துவமனையின் தாழ்வாரம். அந்தக் கேமராவுக்கு எந்தக் கேடும் இல்லை.

இதே நாட்களில் என் மாப்பிள்ளைக்கு என்மேல் திடீரென்று பாசம் பொங்கியது. வேலைக்கு லீவு போட்டுவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றினார். அருங்காட்சியகம், பூங்கா, கடற்கரை. ஒருநாள் நெடுந்தூரம் காரோட்டிப் போய்ப் பென்குயின்கள் வரிசையாகக் கரையேறுவதைக் காட்டினார். அந்தக் குளிரில் நான் குரங்குக் குல்லாயோடு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் படம் ஒன்று இருக்கிறது. ஓய்வு பெற்ற காலத்தில் இப்படி ஒரு மாப்பிள்ளை கிடைத்தாரே என்று மனம் நெகிழ்ந்தேன். அன்றுதான் என் அண்ணனைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். நான் வீட்டில் இருந்தால் போன் பேச்சு என் காதில் விழும் என்று என்னைப் பென்குயின் பார்க்க அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் படத்தையும் மருத்துவமனையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அனுப்பிவைத்தார்கள், "ஒன்றும் தெரியாது, நன்றாக இருக்கிறார்" என்று.

இப்போது அந்தப் பௌர்ணமிக்கு வருகிறேன். அன்று நடுப்பகல் வழக்கம்போல் அண்ணன் குரல் வந்தது. "ரோட்ல நிக்க எடமில்ல. ஜனம் போய்க்கினே இருக்குது. நான் மேலண்ட வழியா கழனிக்குப் போறேன். மோட்டர் போடணும்." பின்னணியில் பஸ் ஹாரன். நடத்துநர் ஒருவர், "மலையனூர் மலையனூர், ஏறு ஏறு" என்று கத்துகிறார். ஊர்ச் சத்தம் கேட்ட மகிழ்ச்சியில் நான் வேறொன்றையும் யோசிக்கவில்லை. ஆசைக்கு இரண்டு முறை கேட்டேன்.

மாலையில் துணி எடுக்கத் தோட்டத்துக்குப் போனேன். வேலிக்கு மேலே நிலா எழும்பிக்கொண்டிருந்தது. முழு நிலா. கையில் இருந்த போர்வையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

நம் அன்பர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அமாவாசைக்குத்தான் மலையனூருக்குச் சாலை கொள்ளாத கூட்டம். அமாவாசைக்குத்தான் அந்தக் கூவலும் சிறப்புப் பேருந்தும். பௌர்ணமி அன்று காலையில் எங்கள் சாலையில் நாய் படுத்துத் தூங்கும். அப்படியானால் நான் கேட்டது இன்றைய குரல் அல்ல. நேற்று வந்ததும் நேற்றையது இல்லையோ? அதற்கு முந்தியதும்?

"சரோஜா, இங்க வா."

"இன்னாங்க, அடுப்புல பால் இருக்குது."

"பொங்கட்டும். மேல பாரு. இன்னா தெரியுது?"

"நிலா. இன்னிக்குப் பௌர்ணமியாச்சே."

போனை எடுத்து அந்தக் குரலை அவளுக்குப் போட்டுக் காட்டினேன். நடத்துநர் கத்தினார். ஹாரன் அடித்தது.

"பௌர்ணமி அன்னிக்கு மலையனூருக்கு எவன் ஏறு ஏறுன்னு கத்துறான்?"

அவள் முகத்தை நான் நெடுங்காலமாகப் பார்த்துவருகிறேன். அதில் அப்படி ஒரு நிறத்தைப் பார்த்ததில்லை. வீட்டுப் பக்கம் திரும்பி, "கவிதா" என்று கூப்பிட்டாள். பொய் சொல்ல எத்தனை பேர் துணை இருந்தார்களோ, உண்மையைச் சொல்லவும் அத்தனை பேர் தேவைப்பட்டார்கள்.

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பின்னால் மாப்பிள்ளை.

"மாமா, முதல்ல உட்காருங்க. டென்ஷன் ஆகாதீங்க."

"பென்குயின் காட்டினது போதும் மாப்ள. எங்கண்ணன் உயிரோட இருக்கானா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க."

"இருக்காரு மாமா" என்றார். அடுப்பில் பால் தீயும் நாற்றம் வந்தது.

குமரவேலைக் கூப்பிட்டேன். எடுத்ததும், "கேமரா இன்னும் சரியாகல சித்தப்பா" என்று தொடங்கினான்.

"யாரோட கொரலுடா தினமும் அனுப்புற?"

கதவு ஒன்று சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "நைனாவோடதுதான் சித்தப்பா. எனக்குப் போன வருஷம் வந்ததெல்லாம் போன்ல இருந்துது. அத ஓட்டி, நைனா போன்ல புடிச்சி அனுப்பினேன்."

"நடுவுல குமரான்னு வர்ற எடத்த எல்லாம் வெட்டிட்டியா?"

"ஆமா சித்தப்பா."

"நல்லா வெட்டியிருக்கடா. அமாவாசைய வெட்ட மறந்துட்ட."

அவன் அழுதுவிட்டான். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம் அழுகைக்கு இடம் விடவில்லை. நடந்ததைச் சொன்னான். ஆடி அமாவாசை கழிந்து சில நாட்களில், அண்ணன் மோட்டார் போடப் போன இடத்தில் கை மரத்துப்போய் உட்கார்ந்துவிட்டார். காரில் ஏற்றிச் செஞ்சியில் காட்டி, அங்கிருந்து பாண்டிச்சேரிக்குப் போவதற்குள் வாய் கோணி, வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது. கண் திறக்கிறார். ஆனால் ஆளைத் தெரிகிறதா என்று தெரியவில்லை. பேச்சு திரும்புவது கடினம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

"என்கிட்ட ஏண்டா சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னாங்க சித்தப்பா."

"யாரு?"

"எல்லாருந்தான்" என்றான்.

உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துக் கட்டில்மேல் போட்டுத் திறந்தேன். சரோஜா தடுக்கவில்லை. என் இதயத்தில் குழாய் வைத்திருப்பதையும், அவள் தனியாக அந்த ஊரில் எதையும் செய்ய முடியாது என்பதையும் அவள் சொல்லவில்லை. வாசலில் மகள் வந்து நின்றாள். எந்த நேரமும் வலி எடுக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். "போங்கப்பா, நான் பாத்துக்கறேன்" என்றாள். போகச் சொல்கிற வார்த்தை. ஆனால் அதைக் கேட்ட பிறகு எந்தத் தகப்பனும் போக முடியாது. பெட்டியை மூடினேன். அவர்கள் மூவர்மேலும் எனக்கு இருந்த கசப்பை இங்கே எழுதி உங்கள் மனத்தையும் கெடுக்க விரும்பவில்லை. ஒரே வீட்டில், ஒரே மேசையில், எனக்குச் சோறு போட்டுக்கொண்டே பொய்யையும் பரிமாறியிருக்கிறார்கள். நான் அந்தக் குரலைக் கேட்டுச் சிரிக்கும்போதெல்லாம் அவர்களும் சிரித்தார்கள். அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

மறுநாள் அம்மனோடு சண்டைக்குப் போனேன். வேறு வார்த்தை இல்லை. ஊரை விட்டுக் கிளம்பும் முன் அவள் சந்நிதியில் நின்று, நான் திரும்பும்வரை வீட்டைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். முறைப்படி எல்லாம் செய்திருந்தேன். அவளும் கூட்டத்தில் சேர்ந்துகொண்டாள் என்றே நினைத்தேன்.

அந்த வீட்டில் கற்பூரம் ஏற்ற முடியாது. முதல் வெள்ளிக்கிழமை ஏற்றியபோது கூரையில் இருந்த புகை எச்சரிக்கைக் கருவி அலறி, மாப்பிள்ளை துடைப்பத்தால் விசிறிக்கொண்டு ஓடிவந்தார். எலுமிச்சம்பழம் நறுக்கிக் குங்குமம் தடவலாம் என்றால் தரையெல்லாம் வெள்ளைக் கம்பளம். மேல்மலையனூர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. ஆக, எந்த முறையும் இல்லாமல், துணி காயும் கொடிக்குக் கீழே, மாப்பிள்ளையின் குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டு நின்றேன். குளிரில் கை கூப்பினால் விரல் சேரவில்லை.

"தாயே, நீயும் என்னை ஏமாத்திட்ட. இருக்கட்டும். அவன் பொழைக்கிறதும் பொழைக்காததும் உன் இஷ்டம். அதுல நான் தலையிடல. எனக்கு வேண்டியது ஒன்னுதான். எங்கண்ணன் கொரல் எனக்குக் கேக்கணும். பழசு வேணாம். உசிரோட, அப்பவே அவன் வாயிலேர்ந்து வரணும். ஒரு வார்த்தை போதும். என்ன வார்த்தையா இருந்தாலும் பரவால்ல."

நின்றேன். பக்கத்து வீட்டு நாய் என்னைப் பார்த்துக் குரைத்தது. வேறு பதில் இல்லை. ஆனாலும் உள்ளே வந்து, சரோஜா வைத்த காப்பியைக் குடித்தேன். அவளோடு பேசவில்லை. குடித்தேன், அவ்வளவுதான்.

அன்று முதல் குமரவேலுக்கு ஒரே கட்டளை. தினமும் பார்வையாளர் நேரத்தில் போனை அண்ணன் காதில் வைக்க வேண்டும். வைத்தான். நான் பேசினேன். என்ன பேசுவது? "அண்ணே, நான் தணிகா" என்பேன். அந்தப் பக்கம் மூச்சு வாங்கும் சத்தம். யாரோ இருமும் சத்தம். மெல்போர்னில் மழை என்பேன். மூச்சு. பேத்தி பிறந்தாள். மருத்துவமனையில் இருந்தபடியே முதலில் அண்ணனுக்குத்தான் சொன்னேன். "அண்ணே, பொண்ணு. நம்ம அம்மா மாதிரியே நெத்தி." மூச்சு. "கண்ண மூடிக்கிச்சி சித்தப்பா, தூங்குதோ இன்னாவோ" என்றான் குமரவேல்.

என் மகளுக்கு மட்டும் அன்று மன்னிப்பு கொடுத்திருக்கலாம். குழந்தையைக் கையில் வாங்கும்போது கொடுக்கத்தான் நினைத்தேன். அவள் என்னைப் பார்த்து, "பெரியப்பா ஏதாவது சொன்னாராப்பா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

நாள் போகப்போக நம்பிக்கை தேய்ந்தது. அமாவாசை வந்தது. நான் எங்கே இருந்தாலும் அன்று மனம் மலையனூரில் இருக்கும். அன்று அதுகூட இல்லை. பிற்பகல் குமரவேல் கூப்பிட்டான். அண்ணி விடியற்காலையிலேயே மலையனூருக்குப் போய், கூட்டத்தில் நசுங்கி, அம்மன் குங்குமத்தை வாங்கிக்கொண்டு பாண்டிச்சேரிக்கு வந்து சேர்ந்திருந்தார். அண்ணன் நெற்றியில் இட்டுக்கொண்டிருக்கிறார் என்றான். போனை அண்ணன் காதில் வைத்தான்.

அன்று எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை. ஆறுதலாகப் பேசிப் பேசி அலுத்துப்போயிருந்தது. அடக்கிவைத்திருந்த அத்தனையும் அவர் தலைமேல் இறங்கியது.

"எல்லாரும் சேந்து என்ன முட்டாளாக்கிட்டாங்கண்ணே! உன் பொண்டாட்டி, உன் புள்ள, என் பொண்டாட்டி, என் பொண்ணு, எல்லாரும்! நீ விழுந்து கெடக்குற, நான் பென்குயின் பாத்துக்கினு இருக்கேன்! உன் பழைய கொரல கேட்டுக்கினு சிரிச்சிக்கினு இருக்கேன்! எவனாவது இப்படிச் செய்வானா? நீயும் ஒன்னும் சொல்லாம கெடக்குறியே! கேக்குதா உனக்கு? ஏ அண்ணே, கேக்குதா?"

சரோஜா ஓடிவந்து என் தோளைப் பிடித்தாள். குழந்தை விழித்து அழத் தொடங்கியது. போனில் வழக்கமான மூச்சு. பிறகு அந்த மூச்சு எங்கோ தடுக்கி நின்றது. ஏதோ புரண்டது. நாக்கு இடம் தேடுவது போல ஒரு சத்தம்.

"கத்… கத்தாத… டா."

குரல் இழுத்தது. பாதி தேய்ந்திருந்தது. ஆனால் அண்ணனுடையது. யாரும் பதிந்துவைத்தது அல்ல, யாரும் வெட்டி ஒட்டியது அல்ல.

அந்தப் பக்கம் அண்ணி "ஐயோ அம்மா, அங்காளம்மா" என்று அலறினார். போன் கீழே விழுந்தது. யாரோ ஓடும் சத்தம். "பேசுது, நைனா பேசுது" என்று குமரவேல் கத்திக்கொண்டிருந்தான். நான் தரையில், அந்த வெள்ளைக் கம்பளத்தில் உட்கார்ந்திருந்தேன். சரோஜா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பௌர்ணமிக்குப் பிறகு முதல் முறையாக அவள் கையைத் தள்ளிவிடாமல் இருந்தேன். என்ன வார்த்தையாக இருந்தாலும் பரவாயில்லை என்று நான்தானே கேட்டேன்! அம்மன் என் வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டாள்.

மருத்துவர் பின்னால் சொன்னார்: இந்த நோயில் சிலருக்கு, நினைத்துப் பேசும் பேச்சு வராவிட்டாலும், பழகிய பேச்சு தானாக வாயில் வந்துவிடும், திட்டு, அதட்டல் எல்லாம் அப்படி வரக்கூடியவை. நானும் படித்துப் பார்த்தேன். அவர் சொல்வது சரிதான், நான் மறுக்கவில்லை. என் கேள்வி ஒன்றே ஒன்று. அந்த வார்த்தை வர எத்தனையோ நாள் இருந்தன. அமாவாசை அன்று, அம்மன் குங்குமம் நெற்றியில் ஏறிய பிறகு வந்தது ஏன்? இதற்கு மருத்துவரிடம் பதில் இல்லை. என்னிடம் இருக்கிறது.

சரோஜாவுக்கு மட்டும் ஒரு குறை. "கேட்டதுதான் கேட்டீங்க, கையையும் காலையும் சேத்துக் கேட்டிருக்கக் கூடாதா?" என்கிறாள். அண்ணனின் வலது கை இன்னும் எழவில்லை. கோல் ஊன்றித்தான் நடக்கிறார்.

பேத்திக்குப் பெயர் வைத்த கையோடு நாங்கள் ஊர் திரும்பினோம். அண்ணன் வீட்டில் கட்டிலில் சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் உதடு துடித்தது. "த… ணி… கா" என்று அந்த மூன்றெழுத்தையும் கரை சேர்க்க அவருக்கு நேரமாயிற்று. நான் அவசரப்படுத்தவில்லை.

அன்று சாப்பிட்ட பிறகு அண்ணியைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணி, நேராவே கேக்குறேன். என்கிட்ட மறைக்கணும்னு மொதல்ல சொன்னது யாரு? சரோஜாவா?"

அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவ பாவம், அவளுக்கே நாங்கதான் சொன்னோம். உங்க அண்ணன்தான் சொன்னாரு தம்பி. கார்ல போறப்ப வாய் கோணிக்கினே வருது. அமாவாசை லீவுல வந்திருந்த குமரா கையப் புடிச்சிக்கினு, தணிகாகிட்ட சொல்லாதீங்க, பொண்ணு பெத்துப் பொழைக்கட்டும்னாரு. அதான் அவரு பேசின கடேசிப் பேச்சு. பாண்டி போறதுக்குள்ள வாய் நின்னு போச்சி. அதுக்கப்புறம் நாங்க எப்படி மீறுறது?"

இந்த ஒன்றை நான் எதிர்பார்க்கவில்லை. எந்தக் குரலைக் கேட்க வேண்டும் என்று அந்நிய மண்ணில் நின்று அழுதேனோ, அந்தக் குரல் கடைசியாகச் செய்த வேலை என்னை ஏமாற்ற உத்தரவு போட்டதுதான். ஏமாற்றியவர்களின் தலைவனுக்காகத்தான் நான் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

கட்டிலுக்குப் போனேன். "ஏண்ணே அப்படிச் சொன்ன?" என்றேன். கத்தவில்லை.

அவர் என்னைப் பார்த்தார். வார்த்தையைத் தேடினார். இடது கையால் போர்வையை இழுத்துவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"சொன்னா… நீ… வந்துடுவ."

பணியில் இருந்த காலத்தில் எத்தனையோ பேரிடம் விளக்கம் கேட்டிருக்கிறேன். பக்கம் பக்கமாக எழுதிக்கொடுப்பார்கள், ஒன்றையும் நம்பியதில்லை. இதை நம்பினேன். கோபம் போய்விட்டதா என்றால், இல்லை. இன்றும் அந்தப் பென்குயின் படத்தைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஆனால் அந்த எரிச்சலோடேயே தினமும் காலையில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காருகிறேன். ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்ல வைக்கிறேன். மோட்டார், கரண்ட், கழனி. தப்பாகச் சொன்னால் திருத்துகிறேன். அதிகம் திருத்தினால் அதட்டுகிறார். அது மட்டும் தடங்கல் இல்லாமல் வருகிறது.

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் யாராவது கடலுக்கு அப்பால் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடம் எதையும் மறைக்காதீர்கள் என்று நான் சொன்னால் கேட்கப் போகிறீர்களா? மாட்டீர்கள். அன்பு இருக்கிற இடத்தில் அந்தப் பொய்யும் இருக்கத்தான் செய்யும் போலிருக்கிறது. ஆனால் ஒருவரிடம் மட்டும் நீங்களும் மறைக்க வேண்டாம். கற்பூரம் இல்லையா, திசை தெரியவில்லையா, மனம் முழுக்கக் கோபம்தான் இருக்கிறதா, அதையே எடுத்துக்கொண்டு போய் அம்மனிடம் நில்லுங்கள். நல்ல வார்த்தை கிடைக்கவில்லை என்றால் கெட்ட வார்த்தையோடு போங்கள். நான் அப்படித்தான் போனேன். அவள் கதவைச் சாத்தவில்லை.

இப்போது அமாவாசைக்கு அண்ணனும் என்னோடு வருகிறார். கூட்டத்தில் கோலோடு ஒரு கிழவரும், அவரைத் தாங்கிக்கொண்டு இன்னொரு கிழவரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால், அது நாங்கள்தான். வந்து பேசுங்கள். அண்ணனிடம் நலம் விசாரியுங்கள். பதில் உடனே வராது. அவசரப்பட்டு நகர்ந்துவிடாதீர்கள். சற்று நில்லுங்கள். சொல்வார்.